கமேலியாவும் தேயிலையும் ஒரே குடும்பம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு கமேலியாச் செடி வாங்கினேன். லொங்குய்யில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு சின்னப் பற்றியோ இருக்கிறது. சீமெந்துக் கல் பதித்த இடம், ஒரு பிடி மண்கூட இல்லை. எதை வளர்ப்பதென்றாலும் சாடியில்தான். அதுவரை என் கைபட்ட ஒரே செடி வீட்டுக் கறிவேப்பிலை. அதையும் அம்மாதான் வளர்த்தார், நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். வன்கூவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் படத்தில் இந்தப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டேன். வன்கூவரில் அது வெளியே நிலத்தில் வளரும். இங்கே தை மாதத்தில் -25 பாகை. அதை நான் யோசிக்கவில்லை.

ஒக்டோபரில் செடியில் பதினொரு மொட்டு இருந்தது. குளிருக்குப் பயந்து சாடியைத் தூக்கிவந்து வரவேற்பறையில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கிழமைக்குள் பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. என் வேலை கணினியோடு. ஒரு பிழை வந்தால் காரணம் தெரியும்வரை தேடிக்கொண்டிருப்பது பழகிவிட்டது. அன்றிரவு தேடியபோது மொட்டு உதிர்வதற்கான காரணத்துக்கு முன்னால் வேறொன்று கண்ணில் பட்டது. நாம் குடிக்கும் தேயிலையும் கமேலியாப் பேரினத்தைச் சேர்ந்த செடிதான். அதன் தாவரவியல் பெயர் கமேலியா சினென்சிஸ்.

அம்மாவிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே, “அப்ப உந்த இலையில தேத்தண்ணி போடலாமோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை எங்கெல்லாமோ கொண்டுபோனது. செடி வளர்க்கக் குறிப்புத் தேடி வந்த தம்பி தங்கைமாருக்கு அதுவும் இடையிடையே கிடைக்கும். ஆனால் இந்தப் பதிவு பெரும்பாலும் சரித்திரம்தான்.

பெயரில் தொடங்குவோம். மொராவியாவில் பிறந்து பிலிப்பைன்ஸில் வேலை செய்த யேசுசபைத் துறவி ஒருவர் இருந்தார், கேயோர்க் ஜோசப் கமெல். மருந்துச் செடிகளைத் தேடித்தேடி எழுதிவைத்தவர், 1706இல் இறந்தார். அவருடைய நினைவாகத்தான் லினேயஸ் இந்தப் பூச்செடிக்குக் கமேலியா என்று பெயர் வைத்தார். 1753இல் அவர் எழுதியபோது தேயிலையை வேறொரு பேரினமாக வைத்திருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்துவிட்டார்கள். (தாவரவியலுக்கு எங்கள் ஊரிலும் ஒரு பெரிய மனிதர் உண்டு. மொன்றியல் தாவரவியல் பூங்காவை 1931இல் தொடக்கிய சகோதரர் மாறி-விக்ரொறன், அதற்கு முன் பல வருடம் லொங்குய்யில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்தப் பக்கத்து வயல்களிலும் ஆற்றங்கரையிலும் அலைந்துதான் அவர் செடிகளைப் படித்தார்.)

என் மொட்டுகள் ஏன் உதிர்ந்தன? கமேலியாவுக்குக் குளிர்காலத்தில் குளிர் வேண்டும், ஆனால் உறையக்கூடாது. 5 முதல் 10 பாகை போதும். ஹீற்றரின் உலர்ந்த சூடு அதற்கு ஆகாது. இப்போது அதைச் சூடாக்காத பின்விறாந்தையில், யன்னல் பக்கம் வைக்கிறேன். அடுத்தது மண். புளிப்பான மண் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது, ஆனால் காயவும் கூடாது. குழாய்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு நாளாக நாளாக மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். கோடையில் மழைத்தண்ணீர் பிடிக்கிறேன். குளிர்காலத்தில் கொல்லையில் இருந்து பனியை வாளியில் அள்ளி, உருக்கி, ஆறவைத்து ஊற்றுகிறேன். தெருப்பக்கத்துப் பனியை எடுக்காதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

புளிப்பு மண், நிறைய மழை, நிற்காமல் ஓடும் தண்ணீர், கடும் வெயிலும் உறைபனியும் இல்லாத குளிர். இந்தப் பட்டியலை எழுதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியபோதுதான் விளங்கியது, நான் ஒரு சாடிக்குள் நுவரெலியாவைச் செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன் என்று. கடல்மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் அந்த ஊரில் இவை எல்லாம் சும்மா கிடைக்கின்றன.

ஆனால் தேயிலை அந்த மலையில் தானாக முளைத்தது அல்ல. அதுவும் கப்பலில் வந்ததுதான், அதற்கும் ஒரு சாடிக் கதை உண்டு. முன்பெல்லாம் செடிகளைக் கடல் கடந்து கொண்டுபோவது பெரும்பாடு. உப்புக்காற்றில் காய்ந்துவிடும், நல்ல தண்ணீரோ மாலுமிகளுக்கே போதாது. 1829இல் லண்டனில் நதானியேல் வார்ட் என்ற மருத்துவர், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை மூடிய போத்தலுக்குள் ஈரமண்ணோடு வைத்திருந்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவர் அந்த மண்ணில் ஒரு பன்னச்செடி முளைத்திருப்பதைக் கண்டார். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் மேலே போய்த் திரும்பவும் மண்ணுக்கே வருகிறது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகள் 1833இல் சிட்னிவரை செடிகளை உயிரோடு கொண்டுபோயின. பிறகு 1848இல் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ரொபர்ட் போர்ச்சூன் சீனாவுக்குள் மாறுவேடத்தில் போய்த் தேயிலை விதையும் நாற்றும் எடுத்ததும், அவற்றை இமயமலை அடிவாரத்துக்கு அனுப்பியதும் இந்தப் பெட்டிகளில்தான். என் பற்றியோச் சாடியின் பூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இலங்கைக்கு வந்தது பெரும்பாலும் அசாம் வகை. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் இருந்து 1839இல் விதைகள் பேராதனைக்கு வந்தன. ஆனால் அப்போது தேயிலையை யாரும் கணக்கெடுக்கவில்லை, ஏனென்றால் மலை முழுவதும் கோப்பி. 1867இல் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தொழிற்சாலை ஒன்றும் இல்லை. தன் பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கையாலேயே இலையைச் சுருட்டி, கரி அடுப்பில் காயவைத்தார். 1873இல் லண்டனுக்குப் போன அவருடைய தேயிலை 23 இறாத்தல். சாக்குமூட்டையில் அரைவாசிகூட வராது.

டெய்லர் தேயிலை நட்டு இரண்டு வருடம் கழித்து, 1869இல், கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி படிந்தது. அது ஒரு பூஞ்சணம். இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பி அநேகமாக முடிந்துபோனது. தோட்டக்காரத் துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். 1900 ஆகும்போது தேயிலை மூன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல்.

பாடப்புத்தகங்களில் இந்த இடம் ஒரு வரியில் போய்விடும்: “கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது.” இங்கே கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் எல்லாமே இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

கோப்பியில் பழம் பறிப்பது வருடத்தில் சில மாதங்கள்தான். தமிழ்நாட்டில் இருந்து ஆட்கள் வந்தார்கள், பறித்தார்கள், பலர் ஊருக்குத் திரும்பினார்கள். கூட்டி வந்தவர்களில் ஆண்கள் அதிகம். தேயிலை அப்படி இல்லை. அது கமேலியா, என்றும் பச்சையாக நிற்கும் செடி. அந்த மலைக் காலநிலையில் வருடம் முழுக்கத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை கொழுந்து எடுக்காவிட்டால் இலை முற்றிவிடும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டாவிட்டால் செடி மரமாகப் போய்விடும். இடுப்பளவு உயரத்தில் நாம் படங்களில் பார்க்கும் அந்தப் பச்சைக் கம்பளம், வெட்டி வெட்டி வைத்திருக்கும் மரங்கள்தான். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும், அவ்வளவும் விரலால் கிள்ளியது. அப்படியானால் ஆட்கள் வந்து போனால் போதாது, அங்கேயே இருக்கவேண்டும். பெண்களும் வேண்டும், குடும்பமாக வேண்டும். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை லயங்களில் அந்தக் குடும்பங்கள் குடியேறின. பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள், அந்தப் பிள்ளைகளும் அங்கேயே கொழுந்து எடுக்கப் போனார்கள்.

என் ஒரு சாடியை விட்டுவிட்டு நான் இரண்டு கிழமை விடுமுறை போகமுடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் திறப்புக் கொடுத்து, தண்ணீர் ஊற்றச் சொல்லி, எழுதியும் வைத்துவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. ஒரு மலை நிறையத் தேயிலை இருந்தால்?

அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். முதல் கூட்டம் 1823இல், கோப்பிக்காக. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். அந்த முன்பணம்தான் கடன், கடன் இருக்கும்வரை தோட்டத்தை விட்டுப் போகமுடியாது. தோணியில் பாக்குநீரிணையைக் கடந்து தலைமன்னார் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்குச் சுமார் 250 கிலோமீற்றர் நடை. வழியில் கொலரா, மலேரியா, பசி. எத்தனையோ பேர் பாதையோரத்திலேயே முடிந்துபோனார்கள். 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில் இருந்து தப்பி வந்தவர்களும் உண்டு.  2023இல், 200 வருடம் நிறைந்ததை நினைவுகூர்ந்து மலையக மக்கள் தலைமன்னாரில் இருந்து மாத்தளைவரை திரும்பவும் நடந்தார்கள். “மலையகம் 200” என்று தேடிப்பாருங்கள், படங்கள் கிடைக்கும்.

1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவர்கள் ஏறத்தாழ 780,000 பேர். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தேயிலைதான் தாங்கிக்கொண்டிருந்தது. 1947 தேர்தலில் இவர்கள் வாக்களித்தார்கள், இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த வருடம் சுதந்திரம். அதே வருடத்தில் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உங்கள் அப்பாவும் அங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்கவேண்டும். லயத்தில் பிறந்த தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தை யார் வைத்திருப்பார்? 1949இல் இன்னொரு சட்டம், விண்ணப்பித்துப் பெறலாம் என்றது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 134,000. அதே 1949இல் வாக்குரிமையும் போனது.

அந்தச் செடிதான் அவர்களை அங்கேயே இருக்கவைத்தது. எண்பது வருடம் இருந்தபிறகு, நீங்கள் இந்த ஊரில் தங்கவந்தவர்கள் இல்லை என்றார்கள்.

நான் மொன்றியலில் பிறந்தேன். அப்போது அப்பாவும் அம்மாவும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தார்கள், அவர்களுக்கு எந்த நாட்டுப் பத்திரமும் உறுதியாக இல்லை. ஆனால் எனக்குப் பிறந்த அன்றே கனடாக் குடியுரிமை. 1947இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடியுரிமைச் சட்டத்தில் இருந்தே அப்படித்தான், இங்கே பிறந்தால் இந்த நாட்டுப் பிள்ளை. இலங்கையின் 1948 சட்டம் இங்கே இருந்திருந்தால், என் அப்பா கியூபெக்கில் பிறந்தாரா என்று கேட்டிருப்பார்கள். இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேர் அந்தக் கேள்வியில் தப்புவீர்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

இனிச் சொல்லப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம். அங்கே தோட்டம் என்றால் வெங்காயம், மிளகாய், புகையிலை போடும் நிலம். “அவர் நல்ல தோட்டக்காரன்” என்று சொன்னால் அது பாராட்டு. அம்மப்பாவும் தோட்டம் செய்தவர்தான். ஆனால் அதே சொல்லின் பின்னால் “காட்டான்” என்று சேர்த்து, மலையகத் தமிழரைக் குறிக்கும் வசவு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. சின்ன வயதில் நான் அதை அர்த்தம் தெரியாமல் கேட்டேன், ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன். பார்க் எக்ஸ்ரென்சனில் நாங்கள் இருந்த காலத்தில் என்னோடு படித்த ஒரு சிநேகிதியிடம், பகிடியாக. அவளுடைய அம்மா அப்பா ஹற்றன் பக்கம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, அவளும் விளக்கவில்லை.

வடக்கின் தலைவர்களிடமும் இந்தப் பிளவு இருந்தது. தமிழ்க் காங்கிரஸின் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அந்த அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்தார். குடியுரிமை விடயத்தில் அவரோடு முரண்பட்டுப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று அவர்களுக்கு, நாளை எங்களுக்கு என்பது அவர்களுடைய வாதம். எங்கள் வீடுகளில் தமிழரசுக் கட்சியின் கதையை ஆயிரம் தரம் சொல்வார்கள், அது மலையகத் தமிழரின் குடியுரிமையில் தொடங்கிய கதை என்பதைச் சொல்வது குறைவு.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்குப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் பிரித்துக்கொண்டன. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாக. இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களைத் தங்கவைத்தது மண்டபம் முகாமில். முன்பு அவர்களின் தாத்தாமாரை இலங்கைக்கு ஏற்றுமுன் நோய் பார்த்துத் தடுத்துவைத்த அதே இடம். 1983க்குப் பிறகு எங்கள் ஆட்கள் தோணியில் தப்பிப்போனபோது அவர்களையும் பதிந்தது அதே மண்டபத்தில்தான். என் பெரியம்மா குடும்பம் அங்கே எட்டு மாதம் இருந்தது. தாங்கள் படுத்த இடத்தில் முன்பு யார் படுத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன்.

இந்தியா போனவர்களில் பலருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? தேயிலைதான். அவர்களுக்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் இன்றைய டேன்டீ. கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் அவர்களைச் “சிலோன்காரர்” என்றார்கள். இலங்கையில் இந்தியாக்காரர், இந்தியாவில் சிலோன்காரர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு முழுமையாக வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 1948இல் இருந்து 55 வருடம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பூ கமேலியாவின் இலையில் நாம் குடிக்கும் தேத்தண்ணி வராது. அதனால் போன வருடம் ஒரு தேயிலைச் செடியும் வாங்கினேன், பக்கத்துச் சாடியில் நிற்கிறது. ஆவணியில் நாற்பது கொழுந்து கிள்ளி, டெய்லர் மாதிரி மேசையில் போட்டு உள்ளங்கையால் சுருட்டி, ஒரு மணித்தியாலம் விட்டு, அடுப்பில் காயவைத்தேன். ஒரு கோப்பைக்கே காணாது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “உது தேத்தண்ணி இல்லை, இலைத்தண்ணி” என்றார்.

இந்த வைகாசியில் என் சிநேகிதி தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். நாங்கள் இருவரும் இன்னும் சிநேகிதிகள்தான்; பழைய விடயத்தை நான் முப்பது வயதில்தான் அவளிடம் கதைத்தேன், அது வேறு கதை. சாடிகளை வெளியே கொண்டுவந்து வைத்த கிழமை அது. அன்ரி பற்றியோவுக்கு வந்ததும் பூ கமேலியாவைப் பார்க்கவே இல்லை. நேரே தேயிலைச் சாடிக்குப் போய்க் குனிந்து, “யாரு இத இப்படி வளரவிட்டது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவருடைய இரண்டு கைகளும் செடிக்குள் போய்விட்டன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் அசைந்தன. நான் நாற்பது கொழுந்துக்கு ஒரு பின்னேரம் முழுக்க எடுத்திருந்தேன். அவர் என் அம்மாவோடு கதைத்துக்கொண்டே, செடியைப் பார்க்காமலே, ஒரு பிடி சேர்த்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, “கத்தி இருக்கா? இதுக்குக் கவ்வாத்து வெட்டணும். இல்லாட்டி மரமாப் போயிரும்” என்றார்.

அம்மா உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்.